வெட்டாத காய்

"அப்பா! நாலு விழுந்திருக்கு. என் காயை வெட்டுங்க!" என்று கத்தினாள் இனியா.

பாலகுரு அது காதில் விழாதவர் போல வேறொரு காயை நகர்த்தினார். அண்ணன் செம்பியன் காரைக்கால் கடைத்தெருவிலிருந்து லூடோ அட்டை வாங்கி வந்த நாளிலிருந்து இதே கதைதான். அவனும் தங்கச்சியின் காயை வெட்டுவதில்லை.

"ஏன் வெட்டல?"

"பழமாகப் போற காயை வெட்டுனா உன் மொகம் வாடிடும் கண்ணு."

"நீயே ஜெயிச்சிட்டுப் போயேன்டி. அதுக்கு ஏன் குதிக்கிற?" என்றான் செம்பியன்.

இனியா அட்டையைத் தூக்கி எறிந்தாள். காய்கள் மூலைக்கு ஒன்றாகச் சிதறின.

"உனக்கு விட்டுக்கொடுத்ததுக்கா இவ்வளவு கோவம்?" என்றார் பாலகுரு.

முடியை ஒதுக்கி, வீங்கியிருந்த கன்னத்தை அவருக்கு நேரே காட்டினாள் இனியா.

"என் புருஷன் அடிச்சு நான் ஓடி வந்தப்பல்லாம், 'ஆம்பள அப்படித்தான், நீதாம்மா விட்டுக்கொடுத்துப் போகணும்'னு திரும்பப் பூவத்துல அவன் வீட்டுக்கே பஸ் ஏத்திவிட்டீங்க. அவனை ஒரு வார்த்தை கேக்க உங்க ரெண்டு பேருக்கும் துப்பில்ல. இப்ப ஒரு பிளாஸ்டிக் காயை விட்டுக்கொடுத்து என்னைச் சமாதானப்படுத்துறீங்களா?"