வடகறி

மெர்சியோடு கம்பெனியில் வேலை பார்க்கும் ஒடிசாப் பையன் முதன்முறையாக வீட்டுக்கு நாஷ்டாவுக்கு வந்திருக்கிறான். வடக்கத்தி ஆளுக்குக் கோதுமைதான் பிடிக்கும் என்று அவள் அம்மா சாராள் பூரி சுட்டு அடுக்குகிறாள். சன்னல் வெயிலில் எண்ணெய்ப் புகை நீலமாகச் சுழல்கிறது. உப்பிய பூரி தட்டில் விழுந்து மெல்ல மூச்சு விடுகிறது. அவன் எப்படிச் சாப்பிடுகிறான் என்று பார்க்க, சாராள் கரண்டியோடு எட்டி நிற்கிறாள். அவன் கிழங்கைத் தொட்டு ஒரு வாய் தின்றுவிட்டு அடுப்புப் பக்கம் கண்ணால் எதையோ தேடுகிறான்.

“இன்னா வேணும் தம்பி? கூச்சப்படாம கேளு.”

“வடகறி இல்லியா ஆன்ட்டி? உங்க வடகறி ரொம்ப நல்லா இருக்கும்.”

மெர்சி தலையைக் குனிந்துகொள்கிறாள். “பசி தாங்கலம்மா, இன்னும் கொஞ்சம் வை” என்று மாதக்கணக்கில் அவள் கம்பெனிக்கு நிரப்பிக்கொண்டு போன டிபன் பாக்ஸ் கழுவிக் கவிழ்த்தபடி மேடையில் பளபளக்கிறது. சாராள் அதைப் பார்க்கிறாள், மகளைப் பார்க்கிறாள், அடுப்பைத் தணிக்கிறாள்.

“பருப்பு ஊறணும் நைனா. மத்தியானம் வரிக்கும் இருப்பியா?”