மோல்டா பஸ் டிக்கெட்

மேசையில் கிடந்த போன் ‘கிண்’ என்றது. காலை ஆறு இருபது. மிதுஷா பஸ் ஏறிவிட்டாள்.

கஜந்தி கண்ணாடியைத் தேடாமலே வாசித்தாள். மோல்டா, பஸ் டிக்கெட், இரண்டு யூரோ ஐம்பது. வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. பேர்லின் நொய்கெல்னில் இன்னும் விடியக்கூட இல்லை. அங்கே கடலுக்கு நடுவில் மகள் வேலைக்குப் புறப்பட்டுவிட்டாள்.

“வந்திட்டுது!” என்று குளியலறைக் கதவைப் பார்த்துக் கத்தினாள்.

“ஓம், ஓம்,” என்றார் உள்ளே சவரம் செய்துகொண்டிருந்த கணவர் ரவிச்சந்திரன்.

மிதுஷா தாயோடு பேசிப் பத்து மாதமாகிறது. ஹோட்டல் வேலைக்கென்று மோல்டாத் தீவுக்குப் போனவள், தை மாதம் ஒருநாள் போனில், “அம்மா, நான் படிப்பை விட்டிட்டன். இனி பேர்லினுக்கு வரேல்லை” என்றாள். கஜந்தியின் நாக்கில் சனி. “அப்ப நீ எனக்கு மகளுமில்லை” என்று சொல்லித் தொலைத்தாள். பிள்ளை அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து போனும் இல்லை, மெசேஜும் இல்லை.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. தீவுக்குப் புறப்படும்போது, பஸ் டிக்கெட் எடுப்பதற்கு மகளின் போனில் தன்னுடைய வங்கிக் காட் நம்பரைத்தான் கஜந்தி பதிந்து கொடுத்திருந்தாள். இவ்வளவு கோபத்திலும் மிதுஷா அதை அழிக்கவில்லை. அவள் அங்கே டிக்கெட் எடுத்தால் தாய்க்கு இங்கே மணி அடிக்கும். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று.

சித்திரையில் ஒன்பது நாள் மணி அடிக்கவில்லை. கஜந்தி சோறு தண்ணீர் இல்லாமல் விழுந்து, ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக் கிடந்தாள். பத்தாம் நாள் காலை ‘கிண்’ என்றது. எழுந்து உட்கார்ந்து தின்னப் பாண் கேட்டாள். அதற்குப் பிறகு பின்னேர டிக்கெட் வருவதில்லை. யாரோ சிநேகிதி காரில் கொண்டுவந்து விடுகிறாளாக்கும் என்று தாயே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டாள்.

பொலிசுக்கும் போய்ப் பார்த்தாள். அங்கிருந்த அதிகாரி அவளுடைய போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். “வயது வந்த பெண். தினமும் வேலைக்குப் பஸ் ஏறுகிறாள். அவள் காணாமல் போகவில்லை, உங்களோடு பேச விருப்பமில்லை, அவ்வளவுதான்” என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது ரவிச்சந்திரன் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். மகள்மேல் அந்த மனுஷனுக்கு அவ்வளவு பாசம்.

முதியோர் இல்லச் சமையலறையில் கூட வேலை செய்யும் பற்றிமா இன்றைக்குத்தான் ஒரு யோசனை சொன்னாள்.

“காட்டைப் பூட்டிவிடுங்கோ அக்கா. டிக்கெட் எடுக்க ஏலாட்டி தானா போன் அடிப்பாள்.”

“ஐயோ, பிள்ளை நடுறோட்டிலயெல்லே நிப்பாள்!”

“நிக்கட்டும். கொதியில நாலு பேச்சுப் பேசவெண்டாலும் அடிப்பாள்தானே?”

பேச்சு வாங்கினால் என்ன? குரல் கேட்குமே! நாலல்ல, நாற்பது பேச்சு வாங்கவும் கஜந்தி தயார். வேலை முடிந்து வரும்போது ரயிலிலேயே வங்கியின் செயலியைத் திறந்து காட்டைப் பூட்டினாள். ரவிச்சந்திரனிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் மனுஷன் இரக்கப்பட்டு, “திறவும், திறவும்” என்று பின்னாலேயே நிற்பார்.

மறுநாள் ஆறு மணிக்கே போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

ஆறு இருபது. ‘கிண்.’

மோல்டா, பஸ் டிக்கெட். காட் பூட்டப்பட்டிருப்பதால் மறுக்கப்பட்டது.

பிள்ளை பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறாள்! மறுபடி ‘கிண்’. மறுபடி மறுக்கப்பட்டது. பஸ் வந்திருக்கும், சாரதி கத்துவான், பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். “அடி மோனை, அம்மாவுக்கு அடி. ஏசு, என்னை நல்லா ஏசு” என்று போனைப் பொத்திப் பிடித்துக்கொண்டு கஜந்தி அழுதாள். மூன்றாம் தரமும் ‘கிண்’.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. ஒரு நிமிஷம் போனது, இரண்டு நிமிஷம் போனது. பாவி நான், பிள்ளையை நடக்க விட்டுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். காட்டைத் திறந்துவிடுவோம் என்று விரலைக் கொண்டுபோனாள்.

குளியலறைக் கதவு திறந்தது. ஒரு கன்னம் முழுக்க நுரையோடு, கையில் தன் போனோடு ரவிச்சந்திரன் நின்றார்.

“காட்டை நீர் பூட்டினீரோ?”

கஜந்தி துள்ளி எழுந்தாள். இவரிடம் மூச்சுக்கூட விடவில்லையே, எப்படித் தெரியும்? பிள்ளை தகப்பனுக்கு அடித்திருக்கிறாள்! தாய்க்கு அடிக்காவிட்டால் போகிறது, தகப்பனுக்காவது அடித்தாளே!

“உங்களுக்கு அடிச்சவளோ? என்ன சொன்னவள்? லைன்ல நிக்கிறாளோ? தாங்கோ, தாங்கோ போனை!”

ரவிச்சந்திரன் போனைக் கொடுக்கவில்லை.

“அவள் இல்லை, கஜந்தி. சித்திரையில இருந்து டிக்கெட் எடுக்கிறது நான்.”