தாலாட்டுக்குச் சிரித்தவர்கள்

தாலாட்டின் இரண்டாவது வரியிலேயே பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

மேடையில் பாடிக்கொண்டிருந்த மாரித் நிமிர்ந்து பார்த்தாள். நோர்வேயில் இந்த இடம் வந்தால் சனம் கைக்குட்டையைத் தேடும். இங்கே, முல்லைத்தீவுக் கடற்கரையில், மாதா கோயில் மண்டபத்துப் பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்துகொண்டு சிரிக்கிறது.

ஒரு மணிநேரப் பாட்டு நாடகம். தாய், மகள், கன்னியாஸ்திரி எல்லாம் அவள் ஒருத்திதான். வெள்ளைக்கார வீட்டில் கறுத்த பிள்ளையாக வளர்ந்த தன் கதையை எழுதி, மெட்டுப் போட்டு, ஒரு வருடம் மல்லுக்கட்டித் தமிழும் படித்துக்கொண்டு வந்திருந்தாள்.

அங்கே நாற்பது வருடமாக "நீ எந்த ஊர்?" என்று கேட்டார்கள். பிறந்த மண்ணான இங்கேயும் கேட்டுவிட்டால் போக வேறு ஊர் கிடையாது.

அந்தத் தாலாட்டு, பிள்ளையோடு வந்த பாட்டு. தத்தெடுக்க வந்த இங்கிரிட்டுக்கு, வீட்டில் பழகிய இந்தப் பாட்டைக் கேட்டால்தான் பிள்ளை தூங்கும் என்று சொல்லி, அநாதை இல்லத்துக் கன்னியாஸ்திரி பாடிக் காட்டினார். ஒரு சொல்லும் விளங்காத இங்கிரிட் அதை நோர்வே எழுத்தில் எழுதிக்கொண்டுபோய், பத்து வயதுவரை ஒருநாளும் தவறாமல் பாடினாள். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் சற்று நிறுத்துவாள். பாவம், அடுத்த சொல் மறந்துபோகிறதாக்கும் என்று மகள் நினைத்துக்கொள்வாள்.

நாடகத்தில் பெற்ற தாயும் அப்படியே நிறுத்தி நிறுத்தித்தான் பாடினாள்.

முன்வரிசையில் இங்கிரிட்டின் முகம் செத்துப்போயிற்று.

மாரித் விடவில்லை. மூன்றாம் வரியைப் பாடி நிறுத்தினாள்.

"ஏலேலோ!"

பின்வரிசை ஆண்கள், ஒரே குரலில்.

நான்காம் வரி. இன்னும் பலத்து, "ஏலேலோ!" சிலர் எழுந்து நின்று, இல்லாத கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். இங்கிரிட் நிறுத்திய இடமெல்லாம் அவர்களுடைய குரலுக்குக் கச்சிதமாக இருந்தது. ஒரு மூச்சுக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பாட்டு முடிந்ததும் சிரித்த மனிதரே எழுந்து மேடையருகே வந்தார். வலைச் சொந்தக்காரர் இராயப்பு. இப்போது அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"அது தாலாட்டில்லைப் பிள்ளை. கரைவலை இழுக்கேக்க ஆம்பிளையள் படிக்கிற அம்பாப் பாட்டு. பொம்பிளையள் படிக்கிறேல்லை. உன்னை ஆட்டி நித்திரையாக்கினது கொப்பர்தான்."

தத்தெடுப்புப் பத்திரங்களில் தகப்பன் பெயருக்கு நேரே ஒரு கோடுதான் இருந்தது. விட்டுவிட்டு ஓடியவன் என்று தானே முடிவுகட்டி, நாடகத்தில் அந்த ஆளுக்கு ஒரு சொல்லும் எழுதாமல் விட்டிருந்தாள் மாரித்.

மேடையை விட்டு இறங்கினாள். தான் பாடிக் கொடுத்ததில் எந்த இடத்தில் பிழை என்று நோர்வே மொழியில் பயந்து பயந்து கேட்டாள் இங்கிரிட்.

மாரித் அவளருகே குனிந்தாள். அப்பாவின் குரலை ஒரு மூச்சும் சிந்தாமல் காப்பாற்றிக் கொடுத்த அந்த வெள்ளைக் கைகளைப் பிடித்து, தன் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள்.