காய்ச்சல் கடிதம்

கல்லூரி முதலாமாண்டு மாணவர்களுக்கான அடிப்படை ஆங்கில வகுப்பில், இத்தனை வாரங்களில் பிழையே இல்லாத முதல் தாள் மாரிக்கனியுடையதுதான். பதினோரு நாள் கழித்து வந்தவள் நீட்டிய விடுப்புக் கடிதம் அது. காய்ச்சலால் அவதிப்படுவதால் வர இயலவில்லை என்று, ஒரு கால்புள்ளிகூட இடம் மாறாமல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். ஜெசிந்தா மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை அப்படியே கரும்பலகையில் எழுதிப்போட்டு, எல்லோரையும் பார்த்து எழுதச் சொன்னார். பிறகு அவளுடைய பெஞ்சுக்கு வந்தார்.

“இப்ப காய்ச்சல் எப்படிம்மா இருக்கு?”

“காய்ச்சல் இல்ல மேடம். அம்மா தவறிட்டாங்க.”

“அப்புறம் ஏன் இப்படி எழுதுன?”

“ஸ்கூல்ல காய்ச்சலுக்கும் அக்கா கல்யாணத்துக்கும்தான் மேடம் லெட்டர் சொல்லிக்குடுத்தாங்க. கல்யாணம்னு எப்படி எழுதுறது?”

ஜெசிந்தா பலகையருகே போய் டஸ்டரை எடுத்தார். அறுபது பேரும் குனிந்து, தங்களுக்குக் காய்ச்சல் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

“இருக்கட்டும் மேடம்,” என்றாள் மாரிக்கனி. “பாதிப் பேரு இன்னும் எழுதி முடிக்கல.”