கேட்டுக்கு வெளியே தாய்மாமன்

என்னை முதலில் தலைகுனிய வைத்தவன் என் மச்சினன் வின்ஸ்டன்தான். அதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

என் மகள் ஜெனிஷாவுக்கு நிச்சயதார்த்தம். பல்லடம் பக்கம் எங்கள் கோழிப்பண்ணைக்குள்ளேயேதான் வீடு. பெண்ணுக்குத் தாய்மாமன் பக்கத்தில் நின்றால்தான் எங்களில் தட்டு மாற்றுவார்கள். வின்ஸ்டன் வந்தான். ஆனால் கேட்டுக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றுகொண்டான்.

"ஏனுங்க டாக்டரே, உள்ள வர்றதுக்குத் தனியாப் பத்திரிகை வெக்கோணுமா?"

"இல்லீங்க மச்சான். லேப்ல இருந்து திடீர்னு கூப்பிட்டுட்டாங்க. சீக்குக் கோழிய அறுத்துப் பார்த்துட்டு வாரேன். குளிச்சாலும் சில நாளைக்கு வேற பண்ணைக்குள்ள கால் வெக்கக் கூடாதுங்க. நோய் ஒட்டிட்டு வந்துரும்."

"தீவன வண்டிக்காரன் வாரான். முட்டை ஏவாரி வாரான். உனக்கு மட்டும் ஒட்டுதாக்கும்?"

சம்பந்தி சிரித்தார். "விடுங்க. படிச்சவங்களுக்குக் கோழி எச்ச நாத்தம் ஆகாதுங்க."

மாமன் நிற்க வேண்டிய இடம் காலியாகவே இருக்க, தட்டு மாற்றினோம்.

அவனுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் வேலை. கோழிக்கு வரும் தொற்றுநோயை அதன் உடம்பு எப்படி எதிர்த்து நிற்கிறது என்று ஆராய்ச்சி. சீக்கிரம் பேராசிரியர் ஆகிவிடுவான் என்று என் மனைவி அமலி ஊரெல்லாம் தம்பி பெருமை பேசிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குப் புரிந்தது ஒன்றுதான். அக்கா மகளைவிட அவனுக்குப் பதவி பெரிது.

கல்யாணத்தன்று காலை. பெண் சர்ச்சுக்குக் கிளம்பும் முன், வீட்டில் வைத்து மாமன் மாலை போட வேண்டும். வின்ஸ்டன் ரோஜா மாலையோடு நேராக வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டான்.

"இன்னிக்கு ஒட்டாதாக்கும்?" என்றேன்.

"ஒட்டாதுங்க மச்சான். கொஞ்ச நாளாவே லேப் பக்கம் போகலீங்க."

"பதவி கைக்கு வந்துருச்சு போல. அதான் எங்க ஊடு கண்ணுக்குத் தெரியுது."

மாலையை அவன் கையிலிருந்து வாங்கி, அமலியின் பெரியப்பா மகன் கிளமென்ட்டிடம் கொடுத்தேன்.

"நீ போடு கிளமென்ட். ஒறம்பறை, சொந்தம்னா என்னன்னு தெரிஞ்சவன் நீ."

"ஏனுங்க, இப்படிப் பண்ணாதீங்க," என்று அமலி அழ ஆரம்பித்தாள். ஜெனிஷா மாமனையே பார்த்தாள்.

"போட்டுக்க கண்ணு, நேரமாச்சு," என்றான் வின்ஸ்டன். "அக்கா, நீ அழுகாத. போட்டோவுல மூஞ்சி வீங்கித் தெரியும்."

அப்போது குடித்த காப்பி எனக்கு நன்றாகவே இறங்கியது.

சர்ச் முடிந்து மண்டபத்தில் பந்தி நடக்கும்போது ஒரு பெண் வந்து வணக்கம் சொன்னாள்.

"ரெபேக்காங்க. வின்ஸ்டன் சார் கூட வேலை பாக்கறேன்."

"அப்படிங்களா. பேராசிரியர் ஆயிட்டாருங்களா உங்க சாரு?"

அவள் முகம் மாறியது. "வீட்டுல சொல்லலீங்களா? அது இனி எனக்குத்தான் வருமுங்க."

"உங்களுக்கா?"

"புதுத் தடுப்பு மருந்துச் சோதனை இந்த மாசம் ஆரம்பிச்சிருக்குங்க. சார் பல வருசமா யோசிச்சு உருவாக்கினது. தலைமை எடுத்தவங்க, முடியற வரைக்கும் தெனமும் சீக்குக் கோழிங்க கூடவே இருக்கோணும். வெளிப் பண்ணைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. அதை நடத்தறவங்களுக்குத்தான் பதவின்னு எல்லாருக்கும் தெரியும். சாரு என்னைக் கூப்பிட்டு, 'நீ எடுத்துக்கம்மா, எனக்கு எங்க அக்கா ஊட்டுல ஒரு மாலை போடற வேலை இருக்கு'ன்னு குடுத்துப்போட்டாருங்க."

என் கண் பந்தியில் வின்ஸ்டனைத் தேடியது.

"அந்த மாலை போட்ட போட்டோ இருந்தாக் காட்டுங்களேன். லேப்ல எல்லாரும் கேட்டாங்க."

காலையில் கிளமென்ட் மாலை போடும்போது எடுத்த படம் என் சட்டைப் பையில், செல்போனிலேயே இருந்தது.

"போட்டோக்காரன் இன்னும் குடுக்கலீங்கம்மா," என்றேன்.

வின்ஸ்டன் பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன்.

"மாப்ளே."

"சொல்லுங்க மச்சான்."

"அந்த ரெபேக்காம்மா எல்லாஞ் சொல்லிருச்சு. நாலு வார்த்தை நல்லாத் திட்டிரு. இங்கயே, எல்லாத்து முன்னாடியும்."



"சம்பந்தி இலையில ரசம் இல்லீங்க," என்று வாளியோடு அடுத்த இலைக்கு நகர்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பார்த்தால் சிரித்துப் பேசுகிறான். அமலிக்கு மாத்திரை வாங்கித் தருகிறான். பண்ணைக்கு யோசனை சொல்கிறான். அவன் மேல் எனக்குள்ள குறை மட்டும் இன்னும் தீரவில்லை.

எனக்குச் சேர வேண்டிய அந்தத் திட்டை அவன் இதுவரை கொடுக்கவே இல்லை.