மிளகளவு

அலாரம் அடிக்கும் முன்பே எழுந்து அதை அணைத்தான்.

பல் விளக்கினான். பால் காய்ச்சினான். அம்மாவுக்கு ஒரு டம்ளர், தனக்கு ஒரு டம்ளர். கன்னத்தைத் தடவிப் பார்த்தான். சவரம் செய்யத் தேவையில்லை. இப்போதெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை போதும். "உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா பிளேடு விக்கிறவன் கடையைச் சாத்திட்டுப் போயிடுவான்" என்று ஆய்வகத்தில் கூட வேலை பார்ப்பவன் கேலி செய்வான்.

தலைவலி மாத்திரை ஒன்றை விழுங்கினான்.

கூடத்தில் அம்மா போனில் யாரிடமோ அழுதுகொண்டிருந்தாள். "ஒரு உசுரா போச்சு? ரெண்டு உசுரு. மகராசி அவ வாயாலயே சொன்னா. நான் பக்கத்துலதானே நின்னேன்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினான்.

மனைவி இறந்தபோது மழைக்காலம். இப்போது வெயில் மண்டையைப் பிளக்கிறது. தலைவலிக்கு வெயில்தான் காரணம் என்று முதலில் நினைத்தான். குடிநீர் பரிசோதிக்கும் வேலை. கண்ணாடிக் குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுவிட்டது என்று பிறகு நினைத்தான். டாக்டரிடம் போனால் அவர் கண்ணை விட்டுவிட்டு வேறு என்னென்னவோ கேட்டார். தாடி வளர்கிறதா? உடம்பில் ஆசை இருக்கிறதா? தாம்பத்தியம் எப்படி?

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னான். ரத்தம் எடுத்தார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள்.

இன்று அந்த முடிவுகள் டாக்டரின் கையில் இருந்தன.

அவர் ஒரு தாளில் மனித முகத்தைப் பக்கவாட்டில் வரைந்தார். மூக்குக்குப் பின்னால், மூளைக்கு அடியில், ஒரு புள்ளி வைத்தார்.

"இங்க ஒரு சுரப்பி இருக்கு. அதுல மிளகளவு ஒரு கட்டி. பயப்படாதீங்க, புத்துநோய் இல்ல. தாய்மார்களுக்குப் பால் சுரக்க வைக்கிற ஹார்மோனை அது கண்டபடி சுரந்து தள்ளுது. ஆம்பளைக்கு அது ஏறினா ஆசை படுத்துக்கும், உடம்பு சொன்ன பேச்சைக் கேக்காது. அவனவன் மனசுல கோளாறுன்னு நினைச்சுக் குமைஞ்சுக்கிட்டே கிடப்பான். வாரத்துக்கு ரெண்டு மாத்திரை. சில மாசத்துல சரியாயிடும்."

அவன் அந்தப் புள்ளியையே பார்த்தான்.

"எப்பலேருந்து இருந்திருக்கும், சார்?"

"மூணு நாலு வருஷமாவது இருக்கும்."

கல்யாணமாகி அவள் அவனோடு வாழ்ந்தது ஒரு வருஷமும் சொச்சமும்.

அவ்வளவு நாளில் ஒருமுறைகூட முடியவில்லை. முதல் மாதம் முயன்றார்கள். பிறகு ஒருநாள் அவள் எழுந்து உட்கார்ந்து, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, சீட்டாடலாமா என்று கேட்டாள். அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு சீட்டாடினார்கள். அவள் வெட்கமில்லாமல் ஏமாற்றுவாள். பிடிபட்டால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அம்மா வெளியே நிம்மதியாகப் படுத்திருப்பாள்.

அம்மாவின் நிம்மதி நாளாக நாளாகக் கரைந்தது. "பக்கத்து வீட்டுப் பூனைகூட ரெண்டாம் தடவை குட்டி போட்டாச்சு" என்று பாத்திரங்களிடம் சொல்வாள். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கமாட்டான். மனைவிதான் முந்திக்கொள்வாள். தனக்குத்தான் கொஞ்ச நாள் போகட்டும் என்று இருக்கிறது, அத்தை, என்பாள். ஏச்சையெல்லாம் தன் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

அவனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. டாக்டரிடம் போகலாம் என்றுகூட. எங்கே உடைந்துவிடுவானோ என்று பயந்தாளோ என்னவோ.

டாக்டர் தாளைக் கிழித்து அவனிடம் நீட்டினார். அடுத்த தடவை மனைவியையும் அழைத்து வரச் சொன்னார். இதில் பாதி வைத்தியம் அவர்களுக்குப் புரியவைப்பதுதான் என்றார்.

"சரி சார்" என்றான்.

தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

நடைபாதையின் கோடியில் ஸ்கேன் அறை. வாசலில் ஒரு நர்ஸ், நாற்காலியில் இருந்த இளம்பெண்ணிடம் கர்ப்பமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் வெட்கப்பட்டு இல்லை என்றாள். உடனே உள்ளே அழைத்துப் போனார்கள்.

அவன் அங்கேயே நின்றான்.

எல்லாப் பெண்களிடமும் கேட்கிற கேள்விதான். ஸ்கேனின் கதிர் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. 'இல்லை' என்று சொன்னால் கதவு திறக்கும். சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கவேண்டும்.

அவன் மனைவி காத்திருந்தாள். மூச்சுத் திணறலோடு வந்தவளுக்கு நுரையீரலில் ரத்தக்கட்டியாக இருக்கும், ஸ்கேனில்தான் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியொரு கதவுக்கு வெளியே, ஸ்ட்ரெச்சரிலேயே மூச்சு நின்றது. முன்பே எடுத்திருந்தாலும் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்வதற்கில்லை என்றார்கள். காப்பாற்றியிருக்க முடியாது என்றும் சொல்லவில்லை.

அந்த ரத்தப் பரிசோதனை முடிவை யாரும் போய்க் கேட்கவில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

நர்ஸ் அன்று கேட்டபோது அவன் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா தலைமாட்டில் நின்றாள். 'இல்லை' என்று அவனே சொல்லியிருக்கலாம். எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று அம்மா கேட்டிருப்பாள்.

மனைவி ஆக்ஸிஜன் மாஸ்க்கை முகத்திலிருந்து விலக்கினாள். அவனைப் பார்த்தாள். பிறகு அம்மாவை அண்ணாந்து பார்த்தாள்.

"இருக்கலாம், சிஸ்டர்."