ஓட்டையை மட்டும் தொடாதீங்க

ரிவிட் அக்கா விமானத்தின் இடது இறக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தாள். பெற்ற அப்பாவின் தோளில் சாய்ந்த மாதிரியே இருக்கிறது என்று பெயின்டர் மாமா மூக்கை உறிஞ்சினார்.

காப்பாட்சியருக்கு அழுகை வரவில்லை, ரத்தக்கொதிப்புதான் வந்தது. மறுநாள் அருங்காட்சியகத் திறப்பு விழா. விமானம் முழுக்கக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளக்க, அந்த ஓர் இறக்கை மட்டும் குண்டு துளைத்த ஓட்டைகளோடு சல்லடையாகக் கிடந்தது.

"அக்கா, இறங்குங்க. தகடு வெட்டியாச்சு, பெயின்ட் கலக்கியாச்சு. நீங்க நாலு ரிவிட் அடிச்சா வேலை முடிஞ்சுது."

"அடிக்கமாட்டேன்."

"வேற ஆளை வெச்சு அடிக்கவா?"

"வரச் சொல்லுங்க தம்பி. வர்றவனையும் சேத்து இதே இறக்கையில வெச்சு அடிச்சிடறேன்."

செய்யக்கூடியவள்தான். பேருந்துப் பணிமனையில் காலமெல்லாம் தகடு அடித்து ஓய்வு பெற்ற கை அது. அந்தக் காலத்துப் போரில் விழுந்து சேற்றில் புதைந்து கிடந்த இந்த எதிரி விமானத்தை அள்ளிக்கொண்டு வந்தபோது, காயலான் கடைக்காரன்கூட வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டான். அக்காதான் கூலி கேட்காமல் வந்து உட்கார்ந்தாள். அவள் சுத்தியல் போட்ட சத்தத்தில் சுற்று வட்டாரத்துக் கோழிகள் எல்லாம் முட்டையிடுவதையே மறந்துபோயின.

துருப்பிடித்த ஓட்டைகளை எறும்பு மூச்சுவிடக்கூட இடமில்லாமல் அடைத்தாள். குண்டு ஓட்டைகள் பக்கம் மட்டும் ஓர் ஈயைக்கூட அண்டவிடவில்லை.

ஏன் என்று அவளைக் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. பதிலைப் பெயின்டர் மாமாவே டீ நேரத்தில் தயாரித்துவிட்டார். விழுந்த விமானத்தின் விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பினான் அல்லவா? அவன் ஊர் திரும்பவே இல்லையாம். இங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டானாம். அவன் மகள்தான் அக்காவாம். முதல் வாரம் அக்காவுக்கு மூக்கு மட்டும்தான் வெளிநாட்டு மூக்காக இருந்தது. மாதம் முடிவதற்குள் கண் பூனைக்கண்ணாகி, நடையிலேயே ஒரு விமானிக் களை வந்து சேர்ந்துவிட்டது.

அதனால் காப்பாட்சியர் குரலைக் கொஞ்சம் தணித்தார்.

"உங்க வருத்தம் புரியுதுக்கா. ஆனா இது போர்க்காயமே இல்ல. இயந்திரக் கோளாறுல தானா விழுந்துச்சுன்னு விளக்கப் பலகையிலயே போட்டிருக்கோம். விழுந்த அப்புறம் யாரோ இதைக் குறி வெச்சுச் சுட்டுப் பழகியிருக்கான்."

"தரையில கிடக்கற விமானத்தோட இறக்கைக்கு அடியில இருந்து எப்படித் தம்பி சுடுவான்? மண்ணுக்குள்ள புகுந்துட்டா? குனிஞ்சு பாருங்க. குண்டு கீழயிருந்து மேல போயிருக்கு."

காப்பாட்சியர் குனியவில்லை. குனிந்தால் கோட்டு கசங்கும்.

"பறக்கறப்போ சுடறதுக்கு ஆள் எங்க இருந்தாங்க? சைரன் ஊதினதும் துப்பாக்கி மேடையில இருந்த சிப்பாய்ங்க மொத்தமும் பதுங்குகுழிக்கு ஓடிட்டாங்க. முகாம் சமையல்கட்டுல ஒரு அம்மா இருந்தாங்க, அவ்வளவுதான். அப்புறம் விமானம் என்ன, திருஷ்டி பட்டா விழுந்துச்சு? கோளாறுதான்! மாமா, ஏணியை எடுத்துட்டு வாங்க."

அக்கா எழுந்து இறக்கையின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ரிவிட் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லா கேட்டுக்குங்க தம்பி. இதுல ஒத்த ஓட்டையை அடைச்சாலும் சரி, நான் அடிச்ச ரிவிட்டு அத்தனையையும் கழட்டிடுவேன். நாளைக்குப் பெரிய மனுஷங்க ரிப்பன் வெட்டறப்போ வால் ஒரு பக்கம் விழும், மூக்கு ஒரு பக்கம் விழும். ரெண்டுக்கும் நடுவுல நீங்க கோட்டோட நிப்பீங்க."

ஏணியோடு வந்த பெயின்டர் மாமா, ஏணியோடு அப்படியே பின்வாங்கினார்.

காப்பாட்சியர் வாலைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார். இரண்டையும் உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது அக்கா ஒருத்திதான் என்பது அவருக்கு உறைத்தது. தரையில் கிடந்த பெயின்ட் டப்பாவின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். கோட்டு கசங்கியேவிட்டது.

"சரி, ஓட்டை இருக்கட்டும். நீங்க ஜெயிச்சீங்க."

"அந்தப் பலகை?"

"அதையும் மாத்திடலாம். கோளாறு இல்ல, சுட்டுத்தான் விழுந்துச்சுன்னு எழுதிடறேன். போதுமா?"

அக்காவின் முகத்தில் அத்தனை மாதமும் யாரும் பார்க்காத ஒரு சிரிப்பு பரவியது. இறக்கையிலிருந்து சின்னப் பெண் மாதிரி சறுக்கிக்கொண்டு இறங்கினாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் காப்பாட்சியருக்கு மனசு இளகிவிட்டது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"உங்க அப்பா பேரைச் சொல்லுங்கக்கா. அவரையும் பலகையில போட்டுடுவோம். அவர் உக்காந்த சீட்டுல நாளைக்கு ஒரு மாலையும் வெக்கறோம்."

"எங்க அப்பாவா? அவரு எதுக்குத் தம்பி இதுல உக்காரப் போறாரு? சைரன் ஊதினதும் கட்டிலுக்கு அடியில போனவரு, சண்டை முடிஞ்ச அப்புறம்தானே வெளிய வந்தாரு!"

பெயின்டர் மாமாவின் கையிலிருந்து ஏணி நழுவியது.

"அப்போ... இதை ஓட்டினது?"

"ஓட்டினது எவனோ. சுட்டதுதான் எங்க அம்மா!"